எழுதி வையுங்கள்!



ஜனாஸாத் தொழுகைக்காக ஸஃப்பில் நிற்கிறோம். தக்பீர் கட்டுவதற்கு முன்பு மய்யித்தின் மூத்த மகன் முன்னால் வந்து, ஈரக் கண்களோடு ஓர் அறிவிப்புச் செய்கிறார். "எங்கள் அத்தா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் பொறுப்பேற்றுக் கொள்கிறேன். அவர்கள் யாருக்கேனும் மனவருத்தம் தந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து விடுங்கள்." இதை நாம் நூறு தடவை கேட்டிருப்போம். கேட்டு, 'ஆமீன்' என்று முணுமுணுத்துவிட்டுத் தொழுதுவிட்டு, கப்ருஸ்தானுக்கு நடந்திருப்போம். அந்த அறிவிப்புக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது இமாமாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மதுரைக்கு வடக்கே ஒரு மஹல்லாவில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் வஃபாத்தானார். தொழுகையாளி; கையும் வாயும் சுத்தம். மேற்சொன்ன அறிவிப்பை அவருடைய மூத்த மகன்தான் செய்தார். மூன்றாம் நாள், பெரியவருடைய பால்ய சிநேகிதர் ஒருவர் வந்தார். "தம்பி, உங்கள் அத்தாவுக்கு நான் 1,80,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்பு திருப்பித் தருவதாகச் சொன்னார்" என்றார். சீட்டு உண்டா என்று கேட்டால், இல்லை. "எங்களுக்குள்ளே சீட்டு எதற்கு? வாட்ஸ்அப்பில் அவரே தன் வாயால் பேசி அனுப்பியிருந்தார்" என்றார். அந்தக் குரல் எங்கே? சிநேகிதருடைய பழைய போன் தண்ணீரில் விழுந்து, புதுப் போன் வாங்கியிருக்கிறார். பழைய பேச்சு எதுவும் அதில் வந்து சேரவில்லை. சரி, பெரியவருடைய போனில் பார்ப்போம் என்றால், அது விரல் ரேகை வைத்தால் திறக்கும். அந்த விரல் கஃபனுக்குள் சுருட்டப்பட்டு மண்ணுக்குள் போய் மூன்று நாளாகிவிட்டது. பூட்டுக்கான எண் வீட்டில் எவருக்கும் தெரியாது. போன் பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைக்காரர் திறந்துதான் கொடுத்தார். ஆனால் உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் திறந்து கொடுத்தார்.

மூத்த மகன் நம்பினார். இளைய மகன் நம்பவில்லை. "அத்தா ஒரு வார்த்தை நம்மிடம் சொல்லியிருக்க மாட்டாரா?" என்றார். என்னிடம் வந்தார்கள். வாதம் செய்கிறவர் மீது ஆதாரமும், மறுக்கிறவர் மீது சத்தியமும் கடமை என்பது மார்க்கச் சட்டம். அதைச் சொன்னேன். சட்டம் அதோடு முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளைகளுடைய மனம் முடியவில்லை. முஃமினுடைய ஆன்மா அவருடைய கடன் அடைக்கப்படும் வரை அதிலேயே தொங்கிக் கிடக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அந்த மூத்தவர் அறிந்தவர். இரவில் தூக்கம் வரவில்லை என்று என்னிடம் சொன்னார். 'கொடுத்தால் தம்பியின் பங்கை ஏமாற்றியதாகுமோ, கொடுக்காவிட்டால் அத்தாவைக் கப்ரில் கட்டிப் போட்டதாகுமோ?' இதுதான் அவருடைய கேள்வி.

ஒரு துண்டுக் காகிதம். நான்கு வரி. இரண்டு கையெழுத்து. அது இல்லாததால் வந்த வினை இது.

அருள்மறையில் எல்லாவற்றிலும் நீளமான ஆயத்து எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதோ, நோன்பைப் பற்றியதோ அல்ல. சுவர்க்க நரகத்தைப் பற்றியதும் அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது ஆயத்து. இன்று நம் கைகளில் புழங்கும் மதீனா அச்சு முஸ்ஹஃபில் அந்த ஓர் ஆயத்தே ஒரு முழுப் பக்கத்தை அடைத்துக் கொண்டிருக்கும். அது பேசுவது என்ன? கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள் என்பதைத்தான்!

அந்த ஆயத்தில் ரப்புல் ஆலமீன் எவ்வளவு நுணுக்கமாகக் கற்றுத் தருகிறான் என்று பாருங்கள். தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக் கொள்ள வேண்டும். எழுதுகிறவர் நீதமாக எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர், அல்லாஹ் தமக்குக் கற்றுக் கொடுத்தவாறு எழுத மறுக்கக் கூடாது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குகிறவர், கொடுக்கிறவர் அல்லர். ஏன்? பணம் கொடுப்பவர் கை ஓங்கியிருக்கும். அவர் சொல்ல எழுதினால் ஒன்று பத்தாகலாம். வாங்குகிறவர் தம் வாயாலேயே ஒப்புக் கொண்டு சொல்லும்போது பிறகு மறுக்க வழியில்லை. அவர் சொல்ல இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகள் வேண்டும், கூப்பிட்டால் சாட்சிகள் வர மறுக்கக் கூடாது. தொகை சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதச் சடைந்து கொள்ளாதீர்கள் என்றும் வருகிறது. இந்தச் 'சடைவு' என்ற இடத்தில் நான் எப்போதும் நின்று விடுவேன். நம்மைப் படைத்தவனுக்கு நம் சோம்பல் தெரியாதா? 'இதற்குப் போய் எழுதுவதா' என்று நாம் சொல்லப் போவதை அறிந்துதான் முன்கூட்டியே அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறான். இறுதியில், எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் யாரும் இடையூறு செய்யக் கூடாது என்று அவர்களுக்குப் பாதுகாப்பும் தருகிறான்.

எழுதுவது கட்டாயக் கடமை அல்ல, வலியுறுத்தப்பட்ட விரும்பத்தக்க செயல் என்பதே பெரும்பாலான இமாம்களின் கூற்று. அடுத்த ஆயத்தில் ஒருவரையொருவர் நம்பினால் நம்பப்பட்டவர் அமானிதத்தை நிறைவேற்றட்டும் என்று வருவதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். சரி. ஆனால் நம்பப்பட்டவர் மவுத்தாகிவிட்டால் அமானிதத்தை நிறைவேற்றுவது யார்? அவருடைய பிள்ளைகள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது? எழுத்து இருந்தால் எழுத்து, இல்லாவிட்டால் சண்டை.

நம் மதுரையிலேயே ஓர் அத்தாட்சி நிற்கிறது. கோரிப்பாளையம் தர்காவுக்கு ஜியாரத் செல்கிறவர்கள் அங்கே தமிழில் ஒரு கல்வெட்டு இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? கோரிப்பாளையம், சொக்கிகுளம், பீபிகுளம், சிறுதூர், கண்ணனேந்தல், திருப்பாலை ஆகிய 6 கிராமங்களும் கூன் பாண்டியனிடமிருந்து 14,000 பொன்னுக்கு வாங்கப்பட்டவை என்று அதில் கண்டிருக்கிறது. மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர் 1573-இல் அந்த உரிமையை உறுதி செய்திருக்கிறார். வாங்கியது யார், விற்றது யார், என்ன நிலம், என்ன விலை, தீர்ப்புச் சொன்னது யார் — ஆயத்தில் சொன்ன அத்தனையும் அந்தக் கல்லில் இருக்கின்றன! வாங்கியவரும் இல்லை, விற்றவரும் இல்லை, தீர்ப்புச் சொன்ன நாயக்கர் அரசும் இல்லை. கல் நிற்கிறது. இன்று அந்தக் கிராமங்களில் பஸ் ஓடுகிறது, மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. எழுத்து அப்படியே இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2025 ஜூனில் ஒன்றிய அரசு 'உமீத்' என்ற இணையத்தளத்தைத் திறந்து, வக்ஃபு சொத்துக்களின் விவரங்களையெல்லாம் அதில் பதியச் சொன்னது. அந்தச் சட்டத்தின் நன்மை தீமையைப் பேச இது இடமல்ல. ஆனால் பதிவதற்காக உட்கார்ந்தபோதுதான் பல ஜமாஅத்துகளுக்கு ஓர் உண்மை உறைத்தது. கணினி இருக்கிறது, தட்டுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதைப் பார்த்துத் தட்டுவது? 'அந்தக் காலத்தில் முத்தவல்லிக்கு எல்லாம் மனப்பாடம்' என்றார்கள். மனப்பாடம் முத்தவல்லியோடு மையவாடிக்குப் போய்விட்டதே! எங்கே ஒரு பழைய தஃப்தரில், யாரோ ஒரு கணக்குப்பிள்ளை சர்வே எண்ணோடு நான்கு எல்லையையும் மையால் எழுதி வைத்திருந்தாரோ, அங்கே வேலை சுலபமாக முடிந்தது.

சகோதரர்களே! எழுத்து நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. ஹிரா குகையில் இறங்கிய முதல் வஹியில் ஓதுவதும் இருக்கிறது, எழுதுகோலும் இருக்கிறது. 'அல்கலம்' என்ற பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. அதன் துவக்கத்தில் எழுதுகோலின் மீதும், அதைக் கொண்டு எழுதுகிறவற்றின் மீதும் அல்லாஹ் ஆணையிடுகிறான். அதை எடுத்து வந்த நம் நாயகம் (ஸல்) அவர்களோ எழுதப் படிக்கக் கற்காத 'உம்மி' நபி. எழுதாத நபியைக் கொண்டு அல்லாஹ் எழுதும் சமுதாயத்தை உண்டாக்கினான்! ஹிஜ்ரி 2-இல் நடந்த பத்ருப் போரில் பிடிபட்ட குறைஷிக் கைதிகளில் ஈட்டுப் பணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் என்ன ஈடு விதித்தார்கள்? அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். நேற்று வாளேந்தி வந்த எதிரி, இன்று வாத்தியார். எழுத்தைக் கற்பதில் வெட்கமில்லை, எவரிடமும் கற்கலாம்.

ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அப்போது சிறு பிள்ளை. யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தபோது, அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவ, அரை மாதத்திற்குள் கற்றுத் தேறினார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இதே ஜைது (ரலி) அவர்களைத்தான் பிற்பாடு அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் கூப்பிட்டு, யமாமாப் போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதாகிவிட்டதால் குர்ஆனை ஒன்று சேர்க்கும் பணியை ஒப்படைத்தார்கள். ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று அவர்கள் கூறியிருக்கிறார்கள். அவர்களே ஹாஃபிழ், நெஞ்சில் முழுக் குர்ஆனும் இருந்தது. இருந்தும் நெஞ்சை மட்டும் நம்பி உட்கார்ந்து எழுதிவிடவில்லை. பேரீச்ச மட்டைகளிலும், தட்டைக் கற்களிலும் எழுதப்பட்டிருந்ததைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

அந்த ஏடுகள் கடைசியில் யார் வீட்டில் பாதுகாப்பாக இருந்தன? அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள் வீட்டில். அந்த அன்னைக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. நாயகம் (ஸல்) அவர்கள் அதை அறிந்து, ஏற்றுப் பேசியிருப்பது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுப்பதற்காக அந்த ஏடுகளை அன்னையிடம் இரவலாக வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். நம் பாட்டிமார் காலத்தில் பெண் பிள்ளைக்கு ஓதக் கற்றுக் கொடுப்பார்கள், எழுதக் கற்றுக் கொடுக்க மாட்டார்கள். 'எழுதத் தெரிந்தால் கெட்டுப் போவாள்' என்பார்கள். பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டாம் என்று சொல்லப்படும் ஒரு ரிவாயத்தும் அதற்குத் துணையாக உலவியது. இமாம் இப்னுல் ஜவ்ஸி அவர்கள் அதைப் புனைந்துரைகளின் வரிசையில் சேர்த்து எழுதிவிட்டார்கள். புனைந்துரை நம் வீடுகளில் நூறாண்டு வாழ்ந்தது. ஷிஃபா (ரலி) அவர்களுடைய பெயர் நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

சரி, நம் பிள்ளைகளின் நிலை என்ன?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தார்கள். மக்தபுகளும் அப்படித்தான் கிடந்தன. போன் வழியே ஓதல் நடந்தது. ஓதலாவது ஒருவாறு நடந்தது. எழுத்து நடக்கவே இல்லை. திரும்பி வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பென்சிலைப் பிடிக்கும் விரல் பிடி மறந்து போயிருந்தது. யாஸீன் சூராவை மனப்பாடமாக ஒப்புவித்த ஒரு பையனிடம், அதன் முதல் ஆயத்தைச் சிலேட்டில் எழுதச் சொன்னேன். இரண்டே எழுத்து! விழித்துக் கொண்டு நின்றான். தமிழிலாவது 'யாஸீன்' என்று எழுது என்றேன். தலையைச் சொறிந்தான். அவனைக் குறை சொல்லவில்லை. ஓதினால் போதும் என்று விட்டுவிட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும்.

இதே பிள்ளைகள் போனில் நாள் முழுவதும் தட்டிக் கொண்டுதான் இருக்கிறார்கள். எதில்? தமிழை ஆங்கில எழுத்தில். 'பள்ளிக்குப் போகிறேன்' என்று ஒரு மாணவன் தன் அம்மாவுக்கு அனுப்பியதை நான் பார்த்தேன். அந்த ஆங்கில எழுத்தில் அது பள்ளியா, பல்லியா என்று அல்லாஹ்வுக்கே வெளிச்சம்! ல, ள, ழ மூன்றும் அங்கே ஒரே குப்பையில் விழுகின்றன. 'தமிழோடு போகட்டும்' என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அரபியில் பெரிய 'காஃப்' போட்டால் 'கல்பு' என்பது உள்ளம். சின்ன 'காஃப்' போட்டால் நாய். எழுத்தின் உருவத்தைக் கையால் எழுதிப் பழகாத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். உச்சரிப்பும் பிறகு அதன் பின்னாலேயே போய்விடும்.

வேறு மொழியின் எழுத்தில் தமிழை எழுதுவது குற்றமா என்று யாரும் கேட்கலாம். குற்றமில்லை. நம் முன்னோர் எழுதியிருக்கிறார்களே! அரபுத்தமிழ் என்று நாம் சொல்வது அதைத்தான். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள், 'ஃபத்ஹுத் தய்யான்' என்ற ஃபிக்ஹு நூலை அரபுத்தமிழில்தான் எழுதினார்கள். வீட்டுப் பெண்கள்கூடச் சட்டங்களை அறிய அது உதவியது. ஆனால் அந்தப் பெரியவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பாருங்கள். அரபியில் ட, ண, ள, ழ, ங, ஞ இல்லை. இல்லையென்று விட்டுவிட்டார்களா? இருக்கும் எழுத்துக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கினார்கள். தமிழின் ஓர் ஒலியும் சிந்திவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. நம் பிள்ளைகள் தட்டுவதில் அந்தக் கவலை இல்லை, அவசரம்தான் இருக்கிறது. இப்போது அந்த அரபுத்தமிழ்ப் புத்தகங்கள் பரணில் பட்டுத்துணியில் கட்டிக் கிடக்கின்றன. வாசிக்கத் தெரிந்த நன்னிமார் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், இந்த ரமலானுக்குள் அவரிடம் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் மண்ணைத் தோண்டியபோது பானை ஓடுகள் கிடைத்தன. தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சட்டி பானைக்காரர்கள்! தன் பானையில் தன் பெயரைத் தானே எழுதிய மண் இது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளை கையெழுத்துப் போட மட்டும் கற்றுக் கொண்டு பத்தாம் வகுப்புப் போனால் நமக்கு வலிக்க வேண்டாமா?

போனை ஹராம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பேச்சு பேசி எந்த ஆலிமும் வென்றதில்லை. எனக்கும் கையில் போன் இருக்கிறது, இந்தக் கட்டுரையையே அதில் படம் பிடித்துத்தான் ஆசிரியருக்கு அனுப்பினேன். எழுதுகோலும் ஒரு கருவிதான். பேரீச்ச மட்டையும் கருவிதான். கருவி மாறும். எழுதுகிறவன் மீதுள்ள பொறுப்பு மாறுவதில்லை.

அந்தப் பொறுப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்பெல்லாம் தபால் கார்டில் ஒரு செய்தி வரும். மதீனாவில் ரவ்ழா ஷரீஃபின் காவலர் ஷெய்கு அஹ்மது என்பவர் ஒரு கனவு கண்டாராம். அதைப் பிரதி எடுத்து இத்தனை பேருக்கு அனுப்பினால் இலாபம் வருமாம், அனுப்பாதவன் மகனை இழந்தானாம். எத்தனையோ ஆண்டுகளாக உலகம் முழுவதும் பல மொழிகளில் சுற்றி வரும் பொய் இது. சவூதியின் பெரிய ஆலிம் ஷெய்கு இப்னு பாஸ் அவர்கள் இது பச்சைப் பொய் என்று தனி அறிக்கையே எழுதினார்கள். அந்தக் கார்டு காலத்தில் ஓர் அனுகூலம் இருந்தது. இருபது பிரதி கையால் எழுத வேண்டும். ஐந்தாவது பிரதியில் விரல் வலிக்கும். பத்தாவதில் 'இது உண்மைதானா?' என்று யோசனை வரும். பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். இன்று அதே ஷெய்கு அஹ்மது அதே கனவோடு வாட்ஸ்அப்பில் வருகிறார். விரல் வலிப்பதில்லை, யோசனையும் வருவதில்லை. ஒரு தொடலில் இருநூறு பேருக்குப் போய்விடுகிறது. கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. போனில் 'அனைவருக்கும் அழி' என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். கிராமுன் காத்திபீன்களிடம் தவ்பாவைத் தவிர அப்படி ஒரு பொத்தான் இல்லை!

இன்னொன்றும் உண்டு. ஸலாமையே மூன்று ஆங்கில எழுத்தாகச் சுருக்கி அனுப்புகிறோம். பத்து நன்மைக்கு வஞ்சம் செய்வானேன்? (இந்த இடத்தில் எனக்கே கூசுகிறது. ஸலவாத்தை அடைப்புக் குறிக்குள் 'ஸல்' என்று நாங்களும் காகிதச் செலவுக்காகச் சுருக்கித்தான் அச்சிட்டு வருகிறோம். வாசிக்கும்போது முழுமையாகச் சொல்லிக் கொள்ளுங்கள்.)

எங்கள் மக்தபில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஓதல் முடிந்ததும் பத்து நிமிடம் எழுத்து. ஒருநாள் அரபி, மறுநாள் தமிழ். உஸ்தாது மூன்று வார்த்தை சொல்வார். பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். பார்த்து எழுதுவது கையை மட்டும் பழக்கும். கேட்டு எழுதுவதுதான் காதையும் கையையும் சேர்த்துக் கட்டும். அரபியில் ஓர் எழுத்து முதலில் வந்தால் ஓர் உருவம், நடுவில் வந்தால் ஓர் உருவம், கடைசியில் வந்தால் வேறு. அதைக் கை பழகும்போது ஓதலில் தடுக்குவது குறைகிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஒரு கடிதம். நம் வீடுகளில் பாதி அத்தாமார் துபாயிலும், சவூதியிலும், மலேசியாவிலும் இருக்கிறார்கள். 'அன்புள்ள அத்தாவுக்கு' என்று தொடங்கிப் பத்து வரி, காகிதத்தில், சொந்தக் கையால். அதை அம்மா படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். போன் அதற்கும் உதவட்டுமே! முதல் வாரம் ஒரு சிறுமி நான்கு வரி எழுதினாள், நான்கிலும் பிழை. அபூதபீயில் கட்டட வேலை செய்யும் அவளுடைய அத்தா அந்தப் படத்தை அச்செடுத்துத் தன் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். தினம் ஒரு மணி நேரம் மகள் முகம் பார்த்துப் பேசுகிறவர்தான் அவர்.

இனிப் பெரியவர்களுக்கு. வஸிய்யத் செய்ய ஏதேனும் உடைய ஒரு முஸ்லிம், அது தம்மிடம் எழுதப்பட்டிராமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இருபது வருடத்தைக் கழித்துவிட்டோம்! கடன் கொடுத்தால் புரோநோட்டில் எழுதுங்கள். வருவாய் முத்திரை 1 ரூபாய்தான். அச்சிட்ட நோட்டில் வட்டி என்று ஓர் இடம் இருக்கும். அதை அடித்துவிட்டு 'வட்டி இல்லை' என்று தெளிவாக எழுதுங்கள். மூன்று வருடம் தாண்டினால் அந்த நோட்டு கோர்ட்டில் காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மார்க்கத்தில் கடன் காலாவதியாவதில்லை. 'வாட்ஸ்அப்பில் இருக்கிறதே, அதுவும் எழுத்துதானே?' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எழுத்துதான், இல்லையென்று சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, முறையான சான்றிதழோடு கொண்டு வந்தால் கோர்ட்டும் அதை ஏற்கும். ஆனால் அது அந்தப் போன் இருக்கும் வரை, பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கும் வரை. 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும்படி செய்தியை அனுப்பவும் அதிலே வழியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் பேசியதை அன்றிரவே ஒரு நோட்டிலும் எழுதி, அந்த நோட்டு இருக்குமிடத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். போனின் பூட்டு எண்ணையும் அதிலேயே ஒரு மூலையில் எழுதிவிடுங்கள்.

அந்தப் பாத்திரக் கடைக்காரர் வீட்டு விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். மூத்தவர் கடைசியில் தம்பியின் பங்கையும், அம்மாவின் பங்கையும் தொடாமல், தம் பங்கிலிருந்தே அந்த 1,80,000 ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்து முடித்தார். வாங்கிக் கொண்ட சிநேகிதர் கண்ணீர் விட்டார். 'நான் பொய் சொல்கிறேன் என்று உன் தம்பி நினைக்கிறானே' என்பதுதான் அவருடைய வேதனை. தம்பி இன்னமும் மனம் சமாதானப்படவில்லை. பெருநாள் தொழுகையில் முஸாஃபஹா செய்து கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசித் தவணை கொடுத்த அன்று மஃரிபுக்குப் பிறகு மூத்தவர் என்னிடம் வந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. "ஹஜ்ரத், பிஸ்மில்லாஹ் எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதினேன். தேதியும் போட்டுக் கொடுத்தேன். பள்ளிவாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து, தாம் கொடுக்க வேண்டியவற்றை எழுத ஆரம்பித்தார். முதலில் கடைக்கு வரவேண்டிய சரக்குப் பாக்கியைத்தான் எழுதுவார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். 'என் மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி 3 பவுன்' என்று எழுதியிருந்தார்.